பத்து வாற்று வெயில்

அண்ணாவின் கார் ஒலுமடுவில் எங்கள் காணிக்குள் நிற்கிறது. ஒஸ்ரின் ஏ-40 சோமசெற். 1952 தொடக்கம் 1954 வரை மட்டும் செய்த மொடல். 1200 சீசீ, ஸ்ரியரிங்கோடு கியர்த் தடி, முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றுவதற்கு ஒரு ஓட்டை. 2016இல் லீவில் வந்தவர் சுன்னாகத்துப் பக்கம் ஒருவரிடம் வாங்கினார். மூன்று கிழமை ஓடித் திரிந்துவிட்டு, திறப்பை என்னுடைய கையில் தந்துவிட்டு, கனடாவுக்குப் பிளேன் ஏறிவிட்டார்.

“சும்மா நிக்கிற சாமான்தானே தங்கச்சி. உனக்கென்ன கரைச்சல்?”

கரைச்சல் எட்டு மாதத்தில் தொடங்கியது. அடுத்த முறை அவர் வந்து திறப்பைத் திருப்பினபோது கார் இருமக்கூட இல்லை. பற்றரி செத்திருந்தது. புதுசு வாங்கிப் போட்டோம். அதுவும் செத்தது. இப்போது நிற்பது மூன்றாவது. 2020இல் வாங்கியது, இன்றைக்கும் முதல் இழுவையிலேயே எஞ்சினைத் தூக்குகிறது. இரண்டு பற்றரியைக் கொன்று மூன்றாவதைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட கதையைத்தான் எழுதப்போகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வாகனங்களுக்குக் காவல் இருக்கிற தங்கச்சிமார், மச்சான்மார் வன்னியில் கனபேர். அவர்களுக்கு உதவும்.

முதலில் நிலைமையைச் சொல்கிறேன். நான் கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், இருப்பதும் அங்கேதான். காணிக்கு சனிக்கிழமைகளில்தான் போவேன். மாங்குளத்தில் இறங்கி, முல்லைத்தீவு வீதியால் போய், பிறகு ஒழுங்கை. மின்கம்பம் பெரிய வீதியோடு நின்றுவிட்டது. குடியிருப்பே இல்லாத ஒரு காணிக்கு லைன் இழுக்கிற செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு அந்தக் கதையை விட்டுவிட்டேன். தகரக் கொட்டில் ஒன்று, அதற்குள் படங்கால் மூடிய கார், பின்னால் பாலை மரம், பக்கத்துக் காணியில் மாமா. மாமா என்றால் சொந்தமில்லை. அந்தக் காலத்தில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமில்லை.

முதல் பற்றரியைக் கொன்றது நான்தான். அதுவும் நல்ல எண்ணத்தோடு. எல்லாரும் சொல்கிற வைத்தியம் ஒன்று இருக்கிறதல்லவா: கிழமைக்கு ஒருக்கால் ஸ்ராட் பண்ணிப் பத்து நிமிடம் ஓடவிடு, பற்றரி நல்லாயிருக்கும். சனிக்கிழமை தவறாமல் செய்தேன். எஞ்சின் ஓடும்போது டாஷ்போர்ட்டில் ஒரு சின்னச் சிவப்பு லைற் மினுங்கிக்கொண்டே இருக்கும். வடிவாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“பிள்ளை, அந்தச் சிவப்பு என்னத்துக்கு எரியுது எண்டு யோசிச்சனியோ?” என்று மாமா ஒருநாள் கேட்டார்.

நான் யோசிக்கவில்லை. விஞ்ஞான ரீச்சர்.

இந்தக் கார்களில் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற இருப்பது இப்போதைய ஒல்ரநேற்றர் இல்லை, டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவின் வோல்ற்றளவு பற்றரியை விடக் குறைவு. அதனால் இரண்டையும் இணைக்கிற கட்-அவுட் என்ற ஆளி திறந்தே இருக்கும், ஒரு சொட்டுக் கறண்டும் பற்றரிக்குப் போகாது. சிவப்பு லைற் அதைத்தான் சொல்கிறது. வீதியில் இறங்கி நல்லாக ஓடினால்தான் அது அணையும். நான் செய்தது என்ன? ஸ்ராட் மோட்டார் ஐந்து விநாடிக்கு நூற்றைம்பது அம்பியர் மட்டில் இழுத்தது, அது 0.2 அம்பியர்-மணி (ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு அம்பியர்-மணி). பிறகு பத்து நிமிடம் இக்னிஷன் கொயில் இரண்டு, மூன்று அம்பியர்ப்படி குடித்தது, அது 0.4. ஆக ஒவ்வொரு சனியும் 0.6 அம்பியர்-மணியை எடுத்துவிட்டு, எதையும் திருப்பி வைக்காமல், கையையும் துடைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

இதோடு பற்றரி தானாகவும் வடியும். ஈய அமிலப் பற்றரி ஒன்றை எதிலும் இணைக்காமல் ஒரு மூலையில் வைத்தாலும் 25 பாகை வெப்பநிலையில் மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து மட்டில் இழக்கும். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. வைகாசி வெயிலில் எங்கள் தகரக் கொட்டிலுக்குள் நின்று பார்த்தவர்களுக்கு 35 பாகை என்பது பெரிய கதையே இல்லை. 50 அம்பியர்-மணிப் பற்றரிக்கு மாதம் நாலைந்து போகும். என்னுடைய சனிக்கிழமைச் சேவை இன்னொரு இரண்டரை. மூன்று மாதத்தில் இருபது. அரைவாசி வெறுமையாக நிற்கிற பற்றரிக்குள் தகடுகளில் ஈய சல்பேற்றுப் பளிங்குகள் படிந்து இறுகத் தொடங்கும். இறுகின பளிங்கைப் பிறகு எந்தச் சார்ஜரும் முழுசாகக் கரைக்காது. பற்றரி பழசாகிச் சாகவில்லை. பட்டினி கிடந்து செத்தது.

புதுக்கார் வைத்திருக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் வாகனம் பூட்டி நிற்கும்போதும் அலாம், மணிக்கூடு, கொம்பியூட்டர் என்று 30 மில்லி அம்பியர் மட்டில் குடித்துக்கொண்டேதான் இருக்கும். நாளுக்கு 0.7 அம்பியர்-மணி. ஒரு மாதத்தில் இருபதுக்கு மேல். ஹைபிரிட் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னும் மோசம், அதிலிருக்கிற 12 வோல்ற் பற்றரி சின்னது.

இரண்டாவது பற்றரிக்கு மாமாவின் வைத்தியம்: பற்றரியிலிருந்து காரின் பொடிக்கு, அதாவது உடம்புத் தகட்டுக்கு, போகிற வயரைக் கழற்றி வை. செலவில்லாத வேலை, எல்லாரும் செய்யவேண்டிய வேலை. ஆனால் அது ஓட்டையை அடைக்குமே தவிர, தானாக வடிவதை நிறுத்தாது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் பற்றரியைக் கழற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து, வீட்டில் இரவிரவாகச் சார்ஜ் போட்டுத் திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டினேன். பதினைந்து கிலோ. ஸ்கூட்டியின் கால்வைக்கிற இடத்தில் வைத்து ஏ-9 வீதியில் ஓடுவேன். ஒருநாள் திருமுறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தி எடுத்தபோது மூடி இளகி அமிலம் சிந்தியிருக்கிறது. எனக்குத் தெரியாது. சேலையில் ஈரம் மாதிரி ஒரு திட்டு, அவ்வளவுதான். தோய்த்துக் காயவைத்து எடுத்துப் பார்த்தால் கொசுவத்தில் சல்லடை. நூல் சேலை. பருத்தியை சல்பூரிக் அமிலம் என்ன செய்யும் என்று பத்தாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறவள் நான்.

பற்றரியைக் கட்டிக்கொண்டு சார்ஜ் போடப் போவது எங்கள் குடும்பத்துக்குப் புதுசில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அப்பாவும் ஏ-40 வைத்திருந்தவர், ஹையர் ஓடினவர். 1990க்குப் பிறகு பெற்றோல் தடை. ரோச் பற்றரிகூட வரவிடாத காலம். காபரேற்றருக்குள் ஒரு முடறு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவார். பின்னால் நீலப் புகை. கலியாண வீட்டுக்குப் போய் இறங்கினாலும் எங்களில் குசினி மணம்தான் மணக்கும். வீட்டில் கறண்ட் இல்லை. றேடியோவுக்கு அண்ணா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் வருகிற கறண்டில் பீபீசீ தமிழோசை கேட்போம். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது அவருக்குக் கை உளையும், குரல் இழுபடும், அப்பா ஏசுவார். கார்ப் பற்றரி இறங்கினால் சார்ஜ் போடுகிற கடைக்குக் கொண்டுபோவோம். ஒரு ஜெனரேற்றர், பலகையில் வரிசையாகப் பத்துப் பதினைந்து பற்றரி, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ரால் ஆளின் முதலெழுத்து. ஒரு முழுப் பகல் கடைக்குள் கிடந்தால்தான் கிடைக்கும்.

2009 தை மாதம் விசுவமடுவில் அந்தக் காரை விட்டோம். மண்ணெண்ணெயும் இல்லை, வீதியில் விலத்திப்போக இடமும் இல்லை. அப்பா பொனற்றைத் திறந்து பற்றரியை மட்டும் கழற்றிச் சைக்கிளின் கரியலில் கட்டினார். மாத்தளன்வரை வந்தது அது. பங்கருக்குள் ஒரு சின்ன பல்ப், றேடியோ. அதற்குப் பிறகு சார்ஜ் போட இடமில்லை. பொனற்றை மூடினாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்கும் அண்ணாவுக்கும் வாக்குவாதம். மூடினார் என்கிறார் அண்ணா.

சரி, இரண்டாவது பற்றரி. 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. காணிக்குப் போக வழியில்லை. திரும்பப் போய் மீற்றரை வைத்தபோது 10.4 வோல்ற் காட்டியது, அதுவும் செத்துவிட்டது. அண்ணாவுக்குப் போனில் சொன்னேன். “முந்தி மாதிரிச் சைக்கிள் டைனமோவைப் பூட்டி மிதிக்கிறதுதானே” என்றார். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற்று, அதுவும் ஆடலோட்டம் (ஏசி). எல்லாவற்றையும் ஒரு இழப்பும் இல்லாமல் 12 வோல்ற் ஆக்கினாலும் கால் அம்பியர். வெறும் பற்றரியை நிரப்ப இருநூறு மணித்தியாலம் மிதிக்கவேண்டும். மனுசர் மூன்று வாற்றுக்குப் படுகிற பாட்டை வெயில் சும்மா செய்துவிட்டுப் போகிறது. அந்தக் கணக்கில்தான் சோலர் பனல் வாங்குகிற எண்ணம் வந்தது.

எவ்வளவு பெரிய பனல்? கடையில் ஐம்பது வாற்று, நூறு வாற்று என்று காட்டுவார்கள். நிற்கிற காருக்கு அது தேவையில்லை. பத்து வாற்றுப் பனல் உச்சி வெயிலில் அரை அம்பியர் கொஞ்சம் கூடத் தரும். எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை அம்பியர்-மணி என்று வையுங்கள். பற்றரி ஒரு மாதம் முழுக்க இழக்கிற நாலைந்தை இரண்டு நாள் வெயில் திருப்பித் தந்துவிடும். மிச்ச இருபத்தெட்டு நாள் வெயிலும் கார்த்திகை மார்கழி மழைக்கும், காகத்துக்கும், புழுதிக்குமான முதல்.

மிச்சம் என்றால் அதுவும் ஆபத்துத்தான். நிரம்பின பற்றரிக்குள் நாள்தோறும் இரண்டரையைத் தள்ளினால் தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போய்த் தகடு வெளியே தெரியும். அதனால் கொன்ரோலர் வேண்டும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சாமான், 14.4 வோல்ற் வரை ஏற்றிவிட்டு, பிறகு 13.6, 13.8 மட்டில் பிடித்து வைத்திருக்கும். இரவில் பற்றரிக் கறண்ட் பனலுக்குத் திரும்பி ஓடாமலும் அதுவே தடுக்கும். ஐந்து வாற்றுப் பனல் என்றால் கொன்ரோலர் இல்லாமல், கறண்டைத் திரும்ப விடாத ஒரு டயோட்டோடு சமாளிக்கலாம், ஐம்பது அம்பியர்-மணிப் பற்றரி அதைத் தாங்கும். எனக்கு அந்தத் துணிவு இல்லை.

பூட்ட வந்த பெடியன் முதல் நாளே கொன்ரோலரை எரித்துவிட்டான். அவனிலும் முழுப் பிழை இல்லை. எந்தக் காரிலும் பொடி நெகற்றிவ் என்றுதான் அவன் படித்திருக்கிறான். கறுப்பு வயரைப் பொடியிலும், சிவப்பை மற்றத் தலையிலும் கௌவ வைத்தான். “டப்” என்று ஒரு சத்தம், பிறகு பிளாஸ்ரிக் மணம். அந்தக் காலத்து இங்கிலிஸ் கார்களில் பொடிக்குப் போவது பொசிற்றிவ். வயர்கள் இரண்டும் எழுபது வருசத்து எண்ணெயில் ஒரே கறுப்பு, நிறத்தில் ஒன்றும் தெரியாது. மாமா வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பற்றரித் தலை இரண்டையும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார்.

“மொத்தம் பொசிற்றிவ். மெல்லிசு நெகற்றிவ். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். காரைப் பாக்காதை தம்பி, பற்றரியைப் பார்.”

பிறகு அளந்து பார்த்தேன். 19.5 மில்லிமீற்றரும் 17.9உம். ஒன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம், அந்த விரல்களுக்குத் தெரிகிறது. வயரில் பியூஸ் போட்டிருந்தபடியால் கொன்ரோலரோடு போயிற்று. இல்லாவிட்டால் வயரும் எரிந்து, படங்கும் பிடித்திருக்கும். இரண்டாவது கொன்ரோலரை நானே பூட்டினேன். முதலில் பற்றரியை இணைத்துவிட்டுப் பிறகு பனலை. கழற்றும்போது மறுவளம். வயர் நேரே பற்றரிக்குத்தான். புதுக்காரில் சிகரெற் லைற்றர் ஓட்டைக்குள் செருகலாம் என்று நினைப்பவர்கள் திறப்பைக் கழற்றினபிறகு அதில் கறண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கனக் கார்களில் இருக்காது. பனல் பாட்டுக்கு வெயிலில் காயும், பற்றரி பாட்டுக்குச் சாகும்.

பனலைக் கொட்டில் கூரையில் தெற்குப் பார்க்க, கொஞ்சம் சரித்து வைத்தேன். எங்கள் இடம் ஒன்பது பாகை வடக்கு, தட்டையாக வைத்தாலும் வெயில் போதும். ஆனால் சரிவு இருந்தால்தான் மழை புழுதியைக் கழுவும். முதல் கிழமை எல்லாம் சரி. இரண்டாவது சனி பின்னேரம் இரண்டரைக்குப் பார்த்தால் வெயில் கொளுத்துகிறது, கறண்ட் இல்லை. வயரைப் பார்த்தேன், பியூஸைப் பார்த்தேன், கொன்ரோலரைத் தட்டிப் பார்த்தேன். கடைசியில் ஏணி வைத்து ஏறினேன். பாலை மரத்தின் ஒரு கொப்பு. பனலின் ஒரு மூலையில், என்னுடைய உள்ளங்கை அளவுக்கு நிழல். அவ்வளவுதான்.

மீற்றரைக் கூரையில் வைத்துக்கொண்டு, நிழல் இல்லாத நேரத்தில் அதைத் திரும்பச் செய்து பார்த்தேன். 0.52 அம்பியர். கையால் ஒரேயொரு கட்டத்தை மூடினேன். 0.03. கையை எடுத்தேன், 0.52. பனலில் முப்பத்தாறு கட்டம், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பு. ஒன்று இருண்டால் அது வாசலை அடைத்த மாதிரி. மற்ற முப்பத்தைந்தும் வெயிலில் நின்றும் பிரயோசனமில்லை. அடுத்த கிழமை பனலைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் கையாலேயே மூடவைத்தேன். ஓமின் விதிக்கு வராத உற்சாகம் அதற்கு வந்தது. “ரீச்சர், உவோல்ற்று எண்டு எழுதிறதோ வோல்ற் எண்டு எழுதிறதோ?” என்று ஒருத்தி கேட்டாள். சோதனையில் உவோல்ற்று, கராஜில் வோல்ற் என்றேன்.

பாலையில் கை வைக்க மனம் வரவில்லை. பழக்காலத்தில் அதற்குக் கீழேதான் நாங்கள் வளர்ந்தோம். பனலைத்தான் கூரையின் மற்றத் தலைப்புக்கு மாற்றினேன். வயர் இன்னும் நாலு மீற்றர் கூடியது. அதை எலி கடித்தது. பிறகு பீவீசீ பைப்புக்குள்ளால் விட்டேன். பைப்பின் வாயை அடைக்காமல் விட, சிவப்பெறும்பு குடியேறியது. வாயைத் தேங்காய்ப் பொச்சால் அடைத்தேன். அதற்குப் பிறகு சோலி இல்லை.

பற்றரிக்குத் தண்ணீர் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் பார்ப்பேன். கடையில் விற்கிற பற்றரித் தண்ணீர் மட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள்ளேயே வெள்ளைப் படை கட்டும். அதைப் பற்றரிக்குள் விட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்றும் கிடைக்காத காலத்தில் மழைத் தண்ணீரை வெட்டவெளியில் பிளாஸ்ரிக் வாளி வைத்துப் பிடித்து விட்டதாக மாமா சொல்வார். கூரைத் தண்ணீர் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரமே வந்து மாமா வீட்டில் தங்கினால், சனி வெள்ளன, வெயில் ஏறமுதல் மீற்றரை வைத்துக் கொப்பியில் குறிப்பேன். அந்த நேரத்து எண்தான் உண்மை. பகலில் பார்த்தால் சார்ஜ் ஏறும் வோல்ற்தான் தெரியும். 12.6க்கு மேல் என்றால் நிரம்பியிருக்கிறது. 12.4க்குக் கீழே போனால் சல்பேற்று இறுகத் தொடங்குகிறது என்று அர்த்தம். 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். என்னுடைய கொப்பியில் ஆகக் குறைந்த எண் ஒரு மார்கழியில் வந்தது, எட்டு நாள் விடாத மழைக்குப் பிறகு. 12.61.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றதே, அப்போது இந்தக் கார் ஏழு மாதம் அசையவில்லை. பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். அண்ணா 2023 நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தார். நேரே ஒலுமடு. படங்கை இழுத்தார், கழற்றி வைத்த பொடி வயரைப் பூட்டினார், ஹாண்டிலைக் கையில் ஆயத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு என்னைத் திறப்பைத் திருப்பச் சொன்னார். ஒரு இழுவை. ஹாண்டிலோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சிவப்பு லைற் எரியுது, டைனமோ பழுதாக்கும் என்றார். கொஞ்சம் ஓடிப்பாருங்கோ அண்ணா என்றேன்.

இப்போது மாமாவும் பத்து வாற்றுப் பனல் ஒன்று வாங்கியிருக்கிறார், அவருடைய நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கு. காலபோகம் வெட்டினபிறகு அது மாதக்கணக்கில் நிற்கும், பற்றரி வருசா வருசம் போகும். போன சனி பூட்டினோம். அவரே ஏணியில் ஏறுவேன் என்று அடம்பிடித்தார், நான் விடவில்லை. கீழே நின்று மீற்றரைப் பிடித்தபடி என்னைக் கூரையில் அங்கும் இங்கும் அரக்கினார்.

“பிள்ளை, கொஞ்சம் கிழக்காலை. இன்னும் கொஞ்சம். ஆ, உதிலை பூசணிக்கொடி ஏறுமடி, மற்றப் பக்கம் போ.”